படம் முடிந்த பிறகுதான் விளையாட்டு தொடங்கும்

(ஓசூரில் நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.



வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் லீவு. துணி துவைக்கவும் ரேஷன் வாங்கவும் உறவினரைப் பார்க்கவும் அந்த ஒரு நாள்தான். அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் நேரத்தில் பரக்கத் செய்வானாக.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'செல்போனும் பிள்ளைகளும்'. இதைப் பற்றி நிறையவே கேட்டிருப்பீர்கள். கண் கெட்டுவிடும், படிப்பு கெட்டுவிடும், தூக்கம் போய்விடும் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நான் அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவர்கள் பார்க்கும் வீடியோ அவர்களுடைய விளையாட்டை என்ன செய்கிறது? இது ஒன்றுதான் கேள்வி.

வீட்டில் பிள்ளை தனியாக விளையாடும்போது ஒரு பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நாலு வயதுப் பிள்ளை சுவரைப் பார்த்து, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், வெல்கம் டு மை சேனல்" என்று தொடங்கும். ஏற்கெனவே இருக்கும் பழைய பொம்மையை நியூஸ் பேப்பரில் சுற்றும். பிறகு அதையே மெதுவாகப் பிரித்து, "வாவ்!" என்று ஆச்சரியப்படும். கடைசியில், "லைக் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று முடிக்கும். எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். நாம் பார்த்துச் சிரிப்போம். சில வீடுகளில் அதையும் ஒரு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுவோம்.

இதில் பிள்ளை செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. கண்டதைச் செய்து பார்ப்பது குழந்தையின் இயல்பு. அல்லாஹ் அப்படித்தான் படைத்திருக்கிறான். உம்மா தொழுவதைப் பார்த்து ஒன்றரை வயதுக் குழந்தை பக்கத்தில் நின்று ஸஜ்தா செய்கிறதே, அதுவும் இதே இயல்புதான்.

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 72 சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தள்ளினால் விழுந்து மறுபடி நிமிரும் காற்றடைத்த பொம்மை ஒன்று. ஒரு பெரியவர் அதைச் சுத்தியலால் அடிப்பதையும் உதைப்பதையும் சில குழந்தைகள் பார்த்தார்கள். வேறு சில குழந்தைகள், பெரியவர் அமைதியாக வேறு பொருளை வைத்து விளையாடுவதைப் பார்த்தார்கள். பிறகு குழந்தைகளை அந்தப் பொம்மையோடு விட்டபோது, அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்தார்கள். அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைகளைக்கூடச் சொன்னார்கள். 1963-ல் இதையே சினிமாப் படமாகக் காட்டிச் செய்தார். பலன் அதேதான். நேரில் பார்த்தாலும் திரையில் பார்த்தாலும் பிள்ளை பின்பற்றும்.

நமக்கு இதைச் சொல்ல அமெரிக்கா தேவையில்லை. ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸில் எம்.ஜி.ஆர் படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் மறுநாள் குச்சியை வாளாக்கிச் சண்டை போட்டார்கள். 1997-ல் தூர்தர்ஷனில் சக்திமான் வந்தபோது கையைத் தூக்கிச் சுழலாத பையன் கிடையாது. பிள்ளைகள் ஆபத்தான காரியங்களையும் செய்யப் போகிறார்களே என்று கவலை வந்து, சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே நிகழ்ச்சியின் முடிவில் வந்து பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? இந்த இடத்தைத்தான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அன்றைக்குப் படம் முடிந்துவிடும். சக்திமான் தினமும் வராது. முடிந்ததும் மீதி நாட்களில் பிள்ளை கையில் ஒன்றும் இருக்காது. நினைவில் இருந்ததை வைத்து, மறந்துபோனதைத் தானே இட்டுக்கட்டி, பக்கத்து வீட்டுப் பையனை வில்லனாக்கி, துப்பட்டாவை இறக்கையாக்கி விளையாடும். படம் முடிந்த பிறகுதான் விளையாட்டு தொடங்கியது. இப்போது படம் முடிவதே இல்லை. ஒன்று முடியும்போதே அடுத்தது தானாக ஓடும். 2020 ஜூன் மாதக் கடைசியில் நம் நாட்டில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்துவிட்டன. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். பார்த்ததை வைத்து விளையாட நேரமே கிடைக்காத பிள்ளை, விளையாட்டைப் பார்க்க மட்டும் கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது வித்தியாசம், இந்த வீடியோக்கள் எதைப் பின்பற்றச் சொல்கின்றன என்பது. 2015-ல் அமெரிக்காவில் ரையன் என்ற நாலு வயதுப் பையனின் பெற்றோர் ஒரு சேனல் தொடங்கினார்கள். பையன் புதுப் பொம்மைப் பெட்டியைப் பிரிப்பான், விளையாடுவான், அவ்வளவுதான். 2018-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை வெளியிட்ட கணக்கில், ஒரு வருடத்தில் 2 கோடியே 20 லட்சம் டாலர் சம்பாதித்து யூடியூபில் முதல் இடத்தில் இருந்தது அந்தச் சேனல்தான். உலகம் முழுக்க இதே மாதிரி ஆயிரக்கணக்கான சேனல்கள் வந்தன. பெட்டி பிரிப்பதுதான் விளையாட்டு என்று ஆகிவிட்டது. பிரித்து முடித்தால் பொம்மையின் வேலை முடிந்தது, அடுத்த பெட்டி வேண்டும். கடையில் நின்று பிள்ளை அழுது புரளும்போது நாம் பிடிவாதம் என்கிறோம். அது கற்றுக்கொண்ட விளையாட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பெட்டி தேவைப்படுகிறது.

எல்லாமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. 2013-ல் சென்னையில் தொடங்கிய சூச்சூ டிவி, தன் சின்ன மகளுக்காக ஒரு தகப்பனார் செய்த வீடியோவிலிருந்து வளர்ந்தது. சூச்சூ என்பது அந்தக் குழந்தையின் செல்லப்பெயர். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்க்கிறார்கள். நம்மூரில் வண்ணங்களையும் எண்களையும் அதைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்த வீடியோவின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தகப்பன் தன் மகளைப் பார்த்துச் செய்தது அது. உங்கள் பிள்ளையைப் பார்த்துச் செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். ஓசூர் எல்லை ஊர். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. நம் தெருவில் ஒரு பக்கத்து வீட்டில் தமிழ், இன்னொரு வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், நம்மில் பல வீடுகளில் தக்னி உருது. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்களின் இந்தியும் இப்போது சேர்ந்திருக்கிறது. இங்கே வளர்ந்த பெரியவர்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தா நாலு மொழி படித்தார்கள்? கோலி அடித்தும் லகோரி ஆடியும்தான் படித்தார்கள். அந்தக் கல்லடுக்கும் விளையாட்டைத் தமிழ்ப் பையன் ஏழு கல் என்பான், கன்னடப் பையன் லகோரி என்பான். 'நான் அவுட் இல்லை' என்று சண்டை போட வேண்டுமானால் எதிரியின் மொழி தெரிந்தாக வேண்டும்.

'வீடியோவிலும் மொழி வருகிறதே, என் பிள்ளை இங்கிலீஷில் எண்ணுகிறானே' என்று கேட்பீர்கள். 2003-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசினார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஆள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, கண்ணைப் பார்த்துப் பேசினார். இன்னொரு பிரிவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் டிவியில். 12 தடவை, ஒவ்வொன்றும் 25 நிமிடம். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தார்கள். டிவியில் கேட்ட குழந்தைகளோ, சீன மொழியையே கேட்காத குழந்தைகளைவிட ஒன்றும் அதிகமாக அறியவில்லை. திரையில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்ல மாட்டார். குழந்தை 'த்தா' என்றால், 'தாத்தாவா, எங்கே?' என்று கேட்க மாட்டார். அந்தத் திருப்பிக் கேட்பதில்தான் பேச்சு வளர்கிறது.

ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதாகியும் பிள்ளை இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், 'போன் பார்த்ததால்தான்' என்று வீட்டுக்குள்ளேயே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தத் தாயைக் குறை சொல்லிக்கொண்டும் இருக்காதீர்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம், காது கேட்பதில் குறையாகக்கூட இருக்கலாம். தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, தாய்மார்களின் பக்கத்திலிருந்து பேச வேண்டும். பிள்ளை கையில் போனைக் கொடுக்கும் தாய் சோம்பேறியா? நம்மில் பலர் குடியிருப்பது லைன் வீடு. ஒரே அறை, ஒரு சமையல் மூலை. கணவர் நைட் ஷிப்ட் முடித்து காலையில் வந்து படுக்கிறார். மூன்று வயதுப் பிள்ளை சத்தம் போடக்கூடாது. வெளியே விட்டால் தெருவில் டெம்போவும் கம்பெனி பஸ்ஸும் போகின்றன. வீட்டுக்காரர், 'பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முன்பே சொல்லியிருக்கிறார். நானியும் தாதியும் ஊரில் இருக்கிறார்கள். அந்த அறையில் அமைதி வேண்டுமென்றால் அந்தத் தாய்க்குக் கிடைக்கும் ஒரே பொருள் போன்தான். அவரைப் பார்த்து, 'போன் கொடுக்காதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நஸீஹத் ஆகாது.

அழும் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்து மனதைத் திருப்புவது நம் மார்க்க வரலாற்றிலேயே உண்டு. ஆஷூரா நோன்பு வைத்த சிறு பிள்ளைகள் பசியால் அழுதபோது, ஸஹாபிப் பெண்மணிகள் கம்பளியில் பொம்மை செய்து கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் வரை விளையாட வைத்ததை ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. ஆனால் கம்பளிப் பொம்மை தானாக ஒன்றும் செய்யாது. பிள்ளைதான் அதை நடக்க வைக்க வேண்டும், பேச வைக்க வேண்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளைப் பற்றிய செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அபூதாவூதில் வருகிறது. காற்றில் திரை விலகியபோது நபி (ஸல்) அவர்கள் பொம்மைகளைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு குதிரை, அதற்குத் துணியால் செய்த இரண்டு இறக்கை. குதிரைக்கு இறக்கையா என்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் கேள்வி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். அவர்கள் கேட்டது ஒரு கதை. அந்தக் கதையை மனதில் வைத்து, கிழிந்த துணியை இறக்கையாக்கினார்கள். பொம்மையைப் பார்த்தவர் கடந்து போகாமல் நின்று கேள்வி கேட்டார்கள், பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். நம் பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தேவையானதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு கதை, ஒரு கிழிந்த துணி, நின்று கேட்கும் ஒரு பெரியவர்.

அதனால் வீட்டில் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வீடியோவுக்கு முடிவு வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு இது: இரண்டு வயதுக்குள் உட்கார்ந்து திரை பார்ப்பது வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அதே அறிக்கை, ஒரு வயது முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளை நாளைக்கு 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது. அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். ஷார்ட்ஸ், ரீல்ஸ் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். யூடியூப் கிட்ஸில் டைமர் உண்டு, நாம் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் வசதியும் உண்டு. இன்று மாலை பத்து நிமிடம் உட்கார்ந்து செய்துவிடலாம். 'ரெண்டு வீடியோ, பிறகு அணைத்துவிடுவோம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியதாக 2019-ல் அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. நம் நாட்டில் 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. ஆனால் பிள்ளை பார்ப்பது அத்தாவின் போனில், அத்தாவின் கணக்கில். பார்ப்பது முப்பது வயது ஆண் என்றுதான் அந்தப் போன் நினைக்கிறது. சட்டம் பிள்ளைக்குக் கொடுக்கும் பாதுகாப்பு அந்தக் கணக்குக்குள் எப்படி எட்டும்?

இரண்டாவது, அணைத்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். 'அந்த யானை வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டிருக்கும்?' போதும். சோறு வடித்துக்கொண்டே கேட்கலாம். பிள்ளை பதில் சொல்லத் தொடங்கும்போதே விளையாட்டு தொடங்கிவிடும்.

மூன்றாவது, தானாக ஒன்றும் செய்யாத பொருட்களைக் கொடுங்கள். அட்டைப் பெட்டி, பழைய துப்பட்டா, கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, நம் கிருஷ்ணகிரியில் பஞ்சமில்லாத மாங்கொட்டை. சின்னப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும் சிறிய பொருளை மட்டும் தள்ளி வையுங்கள். காசு கொடுத்து வாங்குவதானால், பெங்களூர்–மைசூர் சாலையில் இருக்கும் சென்னபட்டணத்து மரப் பொம்மை இருக்கிறது. திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து அந்தத் தொழிலை வளர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். பேட்டரி கிடையாது, பேசாது.

நான்காவது, பொய் சொல்லிப் போனைப் பிடுங்காதீர்கள். 'போன் ரிப்பேர்', 'போலீஸ் வந்துடும்', 'கொடு, மிட்டாய் தர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விடுவது. ஒரு தாய் தன் பிள்ளையை, ஒன்று தருகிறேன் வா என்று கூப்பிட்டபோது, என்ன தர நினைத்தீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்று பதில் வந்தது. ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் கற்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். பொய்யையும் அப்படித்தான் கற்கும்.

ஐந்தாவது, பிள்ளை விளையாடுவதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டும் பழக்கத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் போனைத் தூக்கினால், பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். யாரோ பார்க்கவும் லைக் போடவும்தான் விளையாட வேண்டும் என்று அதற்குத் தோன்றிவிடும். நாம் ரியா என்று அஞ்சும் காரியத்தின் வாசலில் சின்னப் பிள்ளையை நாமே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

இவை வீட்டுக்குள் நடக்க வேண்டியவை. ஆனால் நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கும் அந்த ஒற்றை அறைக்குப் பதில் வீட்டுக்குள் இல்லை, ஜமாஅத்திடம்தான் இருக்கிறது. ஆகவே பெரியோர்கள் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவில் மதரஸா முற்றத்தைத் தினமும் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் இரண்டு பேர் முறை வைத்து உட்கார்ந்தால் போதும். பாடம் நடத்த வேண்டாம். நொண்டியும் பல்லாங்குழியும் கோலியும் தெரிந்த பெரியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அடுத்த தெருவின் மற்ற சமுதாயப் பிள்ளைகளும் வரட்டும். மொழியும் வரும், நட்பும் வரும்.

இரண்டு, காலை நேரத்துக்கு அங்கன்வாடி. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் மையம் அது. சத்துணவும் உண்டு, மற்ற பிள்ளைகளோடு விளையாட்டும் உண்டு. 'அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்' என்று நம்மில் பலர் அனுப்புவதில்லை. பிள்ளைக்கு அந்த வயதில் தேவையானது இன்னொரு பிள்ளைதான். எந்தத் தெருவுக்கு எந்த மையம் என்று பட்டியல் எடுத்துத் தாய்மார்களுக்குச் சொல்லும் வேலையை நம் இளைஞர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்று, பள்ளிவாசலில் பிள்ளைகளின் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதற்காக, அந்தப் பிள்ளை தானாக இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டிய நபியின் உம்மத் நாம். வீட்டிலும் சத்தம் கூடாது, தெருவிலும் கூடாது, பள்ளிவாசலிலும் கூடாது என்றால், சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க அந்தப் பிள்ளைக்கு நாம் காட்டும் இடம் போன் ஒன்றுதான்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. அவர்களுக்குக் கொடுக்க எங்களுக்கு நேரத்தையும் பொறுமையையும் தருவாயாக. இரவு பகலாக உழைத்து வரும் தகப்பன்மார்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு நல்ல அண்டை வீட்டாரைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.